கீமோதெரபியும் நுரையீரலும்: முன்கூட்டியே சொல்லிவிடுவதே நன்று

சில ஆண்டுகளுக்கு முன் என் புறநோயாளர் அறைக்கு ஓர் இளைஞரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக வேறோர் ஊரில் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்தவர். நோய் நன்கு கட்டுப்பட்டிருந்தது. கழுத்திலிருந்த கட்டிகள் கரைந்துவிட்டன. ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவரால் இயலவில்லை. விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 86 என்று காட்டியது. நலமாக உள்ளவருக்கு அது 95-க்கு மேல் இருக்க வேண்டும்.

அவருடைய மனைவி நடந்ததைச் சொன்னார். ஐந்து வாரங்களாக வறட்டு இருமல். முதலில் மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிக் குடித்தார். அடுத்து வீட்டில் கஷாயம். பிறகு தெருமுனை மருத்துவரிடம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை. “கீமோ மருந்தின் சூடு, உடம்பு தேறினால் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொன்னார்கள். இளைஞரோ இருமலைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற அச்சம். ஆகவே இருமலை அடக்கிக்கொண்டே இரண்டு முறை போய் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மருந்துகளில் ஒன்றுதான் அவருடைய நுரையீரலைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது.

பரிசோதனைகளில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதியான பின், அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தினோம். ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்தோம். மற்ற மருந்துகளைப் புற்றுநோய் மருத்துவர் தொடர்ந்தார். அவர் பிழைத்துக்கொண்டார், புற்றுநோயும் திரும்பவில்லை. ஆனால் நுரையீரலின் அடிப்பகுதியில் விழுந்த தழும்பு அப்படியே இருக்கிறது. இன்றும் முதல் மாடிக்கு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். தேறிய பிறகு ஒருநாள் அவர் கேட்டார்: “இருமல் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் வாரமே வந்திருப்பேனே, டாக்டர்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சிகிச்சை பெற்ற இடத்தைக் குறை கூறுவது என் நோக்கமும் அல்ல. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் அந்தப் பக்க விளைவு நிச்சயம் ஒரு வரியாக இருந்திருக்கும். அண்ணனோ மைத்துனரோ கையெழுத்திட்டிருப்பார். இது எங்கும் நடப்பதுதான். வாந்தி வரும், முடி கொட்டும், வாய்ப்புண் வரும், இரத்த அணுக்கள் குறையும் என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறோம். நுரையீரலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. இது சரியன்று என்பதே என் கருத்து. சிகிச்சை தொடங்கும் முன்பே, நோயாளிக்கு நேரடியாக, அவருக்குப் புரியும் மொழியில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ப்ளியோமைசின் என்ற அந்த மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் ஜப்பானிய அறிவியலாளர் ஹமாவோ உமெசாவாவின் குழுவினர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, விரைப் புற்றுநோய் ஆகிய இரண்டும் இன்று பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய்கள் ஆனதில் இம்மருந்துக்கும் பங்குண்டு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் நான் குறை கூறப்போகும் இந்த மருந்து பல்லாயிரம் இளைஞர்களை உயிரோடு வைத்திருக்கும் மருந்தும் ஆகும்.

இது புற்றணுக்களின் மரபுப் பொருளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அப்படி வெட்டுவதற்கு அதற்கு இரும்பும் ஆக்சிஜனும் துணை வேண்டும். நம் உடலின் பெரும்பாலான உறுப்புகளில் இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி போதுமான அளவில் இருக்கிறது. தோலிலும் நுரையீரலிலும் மட்டும் அது மிகக் குறைவு. ஆகவே மருந்து அவ்விரண்டு இடங்களிலும் தங்கி வேலை செய்கிறது. சிலருக்கு முதுகிலும் தோளிலும் சாட்டையால் அடித்தது போன்ற கருங்கோடுகள் தோன்றுவது இதனால்தான். தோலில் வரும் கோட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம். நுரையீரலில் நடப்பது வெளியே தெரிவதில்லை. அங்கே காற்றறைகளின் மெல்லிய சுவர் முதலில் வீங்குகிறது. பிறகு நார் படிந்து தடிக்கிறது. வீக்கமாக இருக்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நார் படிந்து தழும்பாகிவிட்டால் அதைக் கரைக்கும் மருந்து எங்களிடம் இல்லை. அந்த இளைஞர் இழந்த ஐந்து வாரங்களின் விலை அதுதான்.

ப்ளியோமைசின் பெறுபவர்களில் பத்தில் ஒருவர் வரை ஏதேனும் ஓர் அளவில் இந்தப் பாதிப்புக்கு உள்ளாகலாம். நூற்றில் ஓரிருவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. வயது நாற்பதைத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள், சிறுநீரகம் சரிவர வேலை செய்யாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், அது தளர்ந்தால் மருந்து உடலிலேயே தேங்கும். உடலில் ஏறிய மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து வேகமாக உயர்கிறது. ஆனால் அதற்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

“இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்துபோய்ச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடிவிடுவார்” என்பது என் சக மருத்துவர்கள் சிலரின் வாதம். குடும்பத்தாரும் கதவோரம் என்னை நிறுத்தி, “அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், சார், மனசு உடைந்துவிடும்” என்று கைகூப்புவதுண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். அந்த வாதத்திலும் சிறிது உண்மை இருக்கிறது. ஒருவர் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு நாட்டு மருந்தைத் தேடிப்போய், முற்றிய நிலையில் திரும்பி வந்ததை நானே கண்டிருக்கிறேன். ஆயினும் என் அனுபவத்தில், சொல்லியதால் ஓடியவர்களைவிட, சொல்லாததால் தாமதமாக வந்தவர்களே அதிகம். மூச்சுத்திணறலோடு வருகிறவர் ஏற்கெனவே பயந்துதான் வருகிறார். என்ன நடக்கிறது என்று தெரியாத பயத்தைவிட, தெரிந்த பயம் தாங்கக்கூடியது.

முன்பே சொன்னால் தேர்ந்தெடுக்க வழி பிறக்கும் என்பது இன்னொரு காரணம். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் விரைப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. முதல் சுற்றில் அவருக்கு ப்ளியோமைசின் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு, பந்தய வீரருக்கு நுரையீரலே முதல் என்பதால், மருத்துவர்கள் அதை விலக்கி, ஐஃபாஸ்ஃபமைட் சேர்ந்த வேறொரு கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தார்கள். அது உடனடித் தொல்லைகள் மிகுந்தது. இருந்தும் அவர் அதை ஏற்றார். (பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய பட்டங்கள் பறிக்கப்பட்டது வேறு கதை.) உலகப் புகழ்பெற்றவருக்கு மட்டுமே உரிய சலுகையா அது? நம்மிடையே ஊதி வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞர் இருக்கிறார். மூட்டை தூக்குபவர் இருக்கிறார். நீரில் மூழ்கிச் சங்கு எடுப்பவரும் இருக்கிறார். பிழைப்பே மூச்சில் இருப்பவரிடம், “உங்கள் தொழில் என்ன?” என்று கேட்டுவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய செலவன்று.

ஆராய்ச்சிகளும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. முற்றிய ஹாட்ஜ்கின் நோயில், பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. இரண்டு சுற்று மருந்துக்குப் பின் எடுத்த பெட் ஸ்கேனில் நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பாதியினருக்கு நான்கு மருந்துகளையும் தொடர்ந்தார்கள். மறுபாதியினருக்கு ப்ளியோமைசினை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் நோய் முன்னேறாமல் இருந்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் நூற்றுக்கு ஒருவர் அளவே வேறுபாடு. நுரையீரல் தொல்லைகளோ, மருந்தை விட்டவர்களிடம் குறைவு. ஆகவே இன்று ஒருவர் தம் மருத்துவரிடம், “ஸ்கேன் நன்றாக வந்தால் இந்த மருந்தை விட்டுவிட முடியுமா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, மிகச் சரியான கேள்வி. எல்லோருக்கும் “ஆம்” என்ற பதில் கிடைக்காது. ஆனால் கேட்பதற்கு அந்த மருந்தின் பெயராவது தெரிந்திருக்க வேண்டுமே!

பெயர் என்றதும் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதுநிலைப் படிப்பை முடித்த புதிதில், காய்ச்சலும் வறட்டு இருமலுமாக ஓர் அம்மையார் வந்தார். “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டேன். “மூட்டு வலிக்கு வாரம் ஒரு நாள் ஒரு மஞ்சள் மாத்திரை” என்றார். நான் மேலே கேட்கவில்லை. நிமோனியா என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பத்து நாள்கள் வீணாக்கினேன். அந்த மாத்திரை மெதோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படும் மருந்து. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் சிறிய அளவிலேயே சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை போன்ற அழற்சியை உண்டாக்கும். மாத்திரையை நிறுத்திய பின்பே அவர் தேறினார். பெயரைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை; கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து, நோயாளிகள் துணிக்கடைப் பையில் சுமந்து வரும் காகிதக் கட்டை முழுவதும் பிரித்துப் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை.

ஊசியாக ஏற்றுவது மட்டுமே நுரையீரலைத் தாக்கும் என்று எண்ண வேண்டாம். “எனக்குக் கீமோ இல்லை, டாக்டர், வெறும் மாத்திரைதான்” என்றும், “இம்யூனோதெரபிதான், பக்க விளைவே கிடையாதாம்” என்றும் பலர் சொல்கிறார்கள். ஜெஃபிடினிப் என்ற மாத்திரை 2002 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நுரையீரல் அழற்சியால் இறப்புகள் நேர்ந்ததால் அதே ஆண்டு அக்டோபரிலேயே அங்கே அவசர எச்சரிக்கை விட நேர்ந்தது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் நம் எதிர்ப்பு அணுக்களை முடுக்கிவிடுபவை. அந்த அணுக்கள் சில வேளை நுரையீரலையே தாக்கிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்திலும் இதே எச்சரிக்கை உண்டு. நல்ல மருந்துகள்தாம், விழிப்போடு தர வேண்டிய மருந்துகள்.

இனி, இருமலைப் பற்றி. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு இருமல் வந்தால் அது மருந்தின் விளைவாகத்தான் இருக்கும் என்பதில்லை. கிருமித் தொற்றாக இருக்கலாம், நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கலாம், சில மருந்துகளால் இதயம் தளர்ந்திருக்கலாம், நோயே பரவியிருக்கலாம். மருந்துதான் காரணம் என்பது, மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின் நாங்கள் வந்து சேரும் முடிவு. அதற்கென்று தனியான இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் வழியே கருவியைச் செலுத்திக் கழுவி எடுத்த நீரின் பரிசோதனை ஆகியவை வேண்டும். நம் ஊரில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தாலே காசநோய் என்று முடிவு கட்டும் வழக்கமும் இருக்கிறது. காசநோய் நம்மிடையே மிகுதி என்பது உண்மையே. ஆனால் சளியைச் சோதிக்காமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கி, இடையே கீமோவையும் ஏற்றிக்கொண்டவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

எனவே எந்த இருமலைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தரம் பிரிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். அது எங்கள் வேலை. சளியில்லாத இருமல் சில நாள்கள் நீடித்தாலோ, வழக்கமான நடைக்கே மூச்சு வாங்கினாலோ, அடுத்த மருந்து ஏற்றும் நாள் வரை காத்திராமல் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் அது அவசர நிலை. சொன்னால் ஊசி தள்ளிப்போகுமா? போகலாம். ஒரு வாரத் தாமதத்தால் நேரும் இழப்பைக் காட்டிலும், புண்பட்ட நுரையீரலில் மீண்டும் மருந்தை ஏற்றுவதால் நேரும் இழப்பு பெரிது.

உடன் இருப்போரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மூச்சு குறைவதை நோயாளியைவிட நீங்களே முதலில் காண்பீர்கள். ஏனெனில் நோயாளி தம்மை அறியாமலேயே அதற்கேற்ப வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வார். மாடிக்குப் போவதை நிறுத்துவார். குளிக்கும்போது இடையில் உட்காருவார். தொலைபேசியில் பேச்சைச் சீக்கிரம் முடிப்பார். கேட்டால் “அசதி” என்பார். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், உட்கார்ந்தபடி ஒரு முறையும், சில நிமிடங்கள் நடக்கவைத்து ஒரு முறையும் பாருங்கள். உட்கார்ந்திருக்கையில் 97 காட்டியது நடந்த பின் 92-க்கு இறங்கினால், அந்த ஐந்து புள்ளிகளே எங்களுக்குப் பெரிய செய்தி. கைவிரல் குளிர்ந்திருந்தாலோ மருதாணி, நகப்பூச்சு இருந்தாலோ கருவி தவறாகக் காட்டலாம். வேறு விரலில் வைத்து மீண்டும் பாருங்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது, கோப்பைப் பரணில் போட்டுவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ப்ளியோமைசினின் பாதிப்பு பெரும்பாலும் சிகிச்சையின்போதோ, முடிந்த ஆறு மாதங்களுக்குள்ளோ தெரிந்துவிடும். ஆனால் கார்மஸ்டின் போன்ற சில மருந்துகள், குழந்தைப் பருவத்தில் பெற்றவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்துக்கூட நுரையீரல் தழும்பாக வெளிப்பட்டிருக்கின்றன. ப்ளியோமைசின் பெற்றவருக்குப் பின்னாளில் குடலிறக்கத்துக்கோ பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது இன்னொரு கவனம் வேண்டும். அந்த மருந்து ஆக்சிஜனின் துணையோடு வேலை செய்வது என்று மேலே சொன்னேன். 1978-இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில், முன்பு ப்ளியோமைசின் பெற்று, பின்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஐந்து பேர் அடுத்தடுத்து மூச்சுத்திணறி இறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கு ஆக்சிஜனின் செறிவையும் ஏற்றும் திரவத்தையும் மட்டுப்படுத்தியபோது அவ்வாறு நேரவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அதே அழுத்தத்தோடு ஏற்கவில்லை. ஆயினும் மயக்க மருந்து நிபுணருக்கு இது தெரிந்திருந்தால், தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜனைத் தவிர்த்துக்கொள்வார். நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? இதைப் படித்துவிட்டு, அவசரத்தில் ஆக்சிஜனே வேண்டாம் என்று யாரும் மறுத்துவிடாதீர்கள். மூச்சுத்திணறும்போது ஆக்சிஜன் உயிர் காப்பது. எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவர் அளந்து கொடுப்பார்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வரி. நுரையீரல் அழற்சிக்கு அது தரப்பட்டால், தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் அழற்சி மீண்டும் பொங்கும். உடலும் தளர்ந்து விழும்.

நம் மருத்துவமனையின் கீமோதெரபிப் பிரிவுக்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தோடு, பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையும் தர வேண்டும். அதை நோயாளியே படித்த பின், அல்லது அவருக்குப் படித்துக் காட்டிய பின்தான் முதல் மருந்து ஏற வேண்டும். அட்டைக்கு நான் எழுதியிருப்பது இது:

“எனக்குப் புற்றுநோய்க்காகத் தரப்பட்ட மருந்துகளின் பெயர்களும் மொத்த அளவும் பின்பக்கத்தில் உள்ளன. இவற்றில் அடிக்கோடிட்டவை நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. எனக்கு வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால், அடுத்த மருந்தை ஏற்றும் முன் என் மருத்துவரிடம் பேசுங்கள். எனக்கு அறுவைச் சிகிச்சை செய்வதாக இருந்தால், மயக்க மருந்து தருபவரிடம் இந்த அட்டையைக் காட்டுங்கள்.”

அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இதில் எந்தச் சொல்லாவது உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ புரியவில்லை என்றால், கீமோதெரபிப் பிரிவின் செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள். மாற்றி எழுதித் தருகிறேன்.